அடிமைச் சிறுவன் அஜாயி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

மேற்கு ஆப்பிரிக்காவிலே, இன்றைய நைஜீரிய நாட்டில் யொரூபா மக்கள் வாழும் நிலப்பகுதியிலே, ஒசோகுன் என்றோர் ஊர் இருந்தது. 1821ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலைப் பொழுது. பெண்கள் காலை உணவு ஆக்கிக் கொண்டிருந்த வேளையில் அடிமை வேட்டைக்காரர்கள் ஊரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரைச் சுற்றி வேலி உண்டு. ஆனால் அதன் வாயில்கள் எல்லாவற்றையும் காத்து நிற்க ஆள் இல்லை. ஆண்கள் போரிடச் சென்றனர். பெண்கள் கையிலும் முதுகிலும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு புதர்க்காட்டை நோக்கி ஓடினர். ஓடியவர்களைப் பிடித்துக் கழுத்திலே கயிறு மாட்டி, ஆடுமாடுகளைப் பிணைப்பதுபோல் ஒருவரோடு ஒருவரைப் பிணைத்தார்கள். அவ்வாறு பிணைக்கப்பட்டவர்களிலே ஒரு தாய், அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள், ஏறத்தாழப் பதின்மூன்று வயது மகன் ஆகியோரும் இருந்தனர். மகன் பெயர் அஜாயி. முகம் கவிழ்ந்து பிறக்கும் பிள்ளைக்கு யொரூபா மக்கள் இடும் பெயர் அது.

நம் கல்லூரி நூலகத்தில் ஆப்பிரிக்க வரலாறு பற்றிய நூலொன்றைப் புரட்டியபோதுதான் இந்த அஜாயியை நான் முதலில் அறிந்தேன். உலகம் அவரைச் சாமுவேல் அஜாயி குரோத்தர் என்று அறியும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் என்பது அவரைப் பற்றி எல்லா நூல்களும் கூறும் செய்தி. என்னை ஈர்த்தது அதுவன்று. பெற்றோரைப் பிரிந்து அநாதையாய் நின்ற ஒரு பிள்ளைக்குக் கடல் கடந்த நாட்டிலிருந்து எவரோ பணம் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளானபோது, படிக்க வைத்தவர்களுக்கும் அவருக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பதே நான் தேடியது.

பிடிபட்ட நாள் மாலைக்குள் தாய் ஒருவன் பங்குக்கும் மகன் வேறொருவன் பங்குக்கும் போயினர். அடுத்த நாள் அஜாயி ஒரு குதிரைக்கு ஈடாகக் கைமாறினான். குதிரையை வாங்கியவனுக்கு அது பிடிக்கவில்லை. சில வாரங்களில் குதிரையைத் திருப்பிக் கொடுத்துப் பையனை மீட்டுக்கொண்டான். பிறகு சந்தை சந்தையாக விற்பனை. ஒருமுறை அவனுக்கு விலையாக எண்ணப்பட்டவை புகையிலையும் சாராயமும் சில்லறைச் சரக்குகளும். வெள்ளையரிடம் விற்றுவிடுவார்களோ என்று அஞ்சி, இரவிலே இடுப்புத் துணியைக் கழுத்தில் இறுக்கிச் செத்துவிடப் பலமுறை முயன்றான். கடைசிவரை இறுக்கத் துணிவு வரவில்லை. அஞ்சியது நடந்தேவிட்டது. லாகோசில் போர்த்துக்கீசிய வணிகர் அவனை வாங்கிக் கப்பலில் ஏற்றினர். 187 அடிமைகளை அடைத்துக்கொண்டு புறப்பட்ட அந்தக் கப்பலின் பெயர் எஸ்பெரான்சா பெலிஸ். மகிழ்ச்சியான நம்பிக்கை என்பது அதன் பொருளாம்! பெயர் வைத்தவனை என்னென்பது?

அடிமை வாணிகத்தைப் பிரிட்டன் 1807இல் சட்டத்தால் தடை செய்திருந்தது. அதை மீறும் கப்பல்களைப் பிடிக்க அதன் போர்க்கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோரம் சுற்றிக் கொண்டிருந்தன. 1822 ஏப்ரல் 7ஆம் நாள் கேப்டன் ஹென்றி லீக் தலைமையில் வந்த மிர்மிடன் என்ற போர்க்கப்பல் அந்த அடிமைக் கப்பலை மடக்கியது. காப்பாற்றப்பட்டோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. போர்க்கப்பலில் தொங்கிய பன்றி இறைச்சியை மனித உடல் என்றும், அடுக்கி வைத்த பீரங்கிக் குண்டுகளை மண்டை ஓடுகள் என்றும் எண்ணி நடுங்கினார்கள். நெருங்கிப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. 1822 ஜூன் 17ஆம் நாள் சியரா லியோனின் தலைநகரான பிரீடவுன் துறையில் அவர்கள் கரை இறங்கினர். மீட்கப்பட்ட அடிமைகளைக் குடியமர்த்தப் பிரிட்டன் வைத்திருந்த ஊர் அது.

குரோத்தரின் கல்வி அங்கேதான் தொடங்குகிறது. பாத்தர்ஸ்ட் என்னும் சிற்றூரில் சர்ச் மிஷன் சங்கத்தார் நடத்திய பள்ளியில் அஜாயி சேர்க்கப்பட்டான். நம் நாட்டில் சி.எம்.எஸ். என்று வழங்கும் அதே சங்கம்தான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசும் அச்சங்கத்தைச் சேர்ந்தவரே. பள்ளிக்குப் போன முதல் நாளே அஜாயிக்கு எழுத்தின்மேல் தீராத ஆசை பிடித்தது. தன் நாட்டுக்காரர் ஒருவரிடம் ஓடிப்போய் அரைப் பென்னி காசு கேட்டு வாங்கித் தனக்கென்று ஓர் அரிச்சுவடி அட்டை வாங்கிக்கொண்டான். கொடுத்தவரும் அடிமைத்தளையிலிருந்து மீண்டு, அயல் மண்ணில் பிழைக்க வந்தவர்தாம். ஆறே மாதத்தில் அஜாயி ஆங்கில வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கினான். உடன் தச்சு வேலையும் கற்றான்.

அச்சங்கத்தில் அந்நாளில் ஒரு திட்டம் இருந்தது. இங்கிலாந்திலுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கொடுத்தால், அப்பணத்தில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தைக்கு உணவும் உடையும் கிறித்தவக் கல்வியும் கிடைக்கும். கொடுப்பவர் அக்குழந்தைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். தம் பெயரையோ, தாம் மதிக்கும் போதகரின் பெயரையோ, இறந்துபோன தம் பிள்ளையின் பெயரையோ இடலாம். இப்படித்தான் பிரீடவுன் பள்ளிகளிலே லண்டன் மாநகரத்துப் பெயர்கள் கறுப்புக் குழந்தைகளின் மீது வந்து அமர்ந்தன. தாய் இட்ட பெயர் பதிவேட்டில் ஏறவில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் செங்கற்சூளையில் வேலை செய்கிறார். விடுதிச் சாப்பாடும் புத்தகமும் அரசின் உதவித்தொகையால் நடக்கின்றன. அரசு என் பெயரை மாற்றச் சொல்லவில்லை! ஆயினும் பிறர் பணத்தில் படிப்பவனுக்கு ஒன்று தெரியும். கொடுப்பவர் முகம் தெரியாதபோது படிப்பு இலகுவாக இருக்கிறது. முகம் தெரிந்தால், எதிரே வரும்போதெல்லாம் தலை தானாகக் குனிகிறது. பள்ளி நாளில் எனக்குச் சீருடை எடுத்துக் கொடுத்த ஒருவர், அதைக் கடைத்தெருவில் நாலு பேர் நடுவே ஆண்டுதோறும் சொல்லிக் காட்டுவார். அவர் செய்தது நன்மைதான். மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கடைத்தெருவை நான் சுற்றிக்கொண்டு போனதும் உண்டு.

1825 டிசம்பர் 11ஆம் நாள் அஜாயிக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. லண்டனில் வாழ்ந்த சாமுவேல் குரோத்தர் என்ற போதகரின் பெயர் அவருக்கு வந்தது. ஆனால் அவர் பழைய பெயரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இரண்டு ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே அஜாயியை இருத்திக்கொண்டார். 1827இல் பிரீடவுனில் பூரா பே கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் எழுந்த அக்கல்லூரிக் கட்டடத்தின் கூரைக்கு, பிடிபட்ட அடிமைக் கப்பல்களின் பாய்மரங்களையே உத்திரங்களாகப் பயன்படுத்தினார்களாம். அவர் மணந்த பெண் அசானோ. சுசானா என்று பெயர் மாறியவர். அவரும் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு அதே பாத்தர்ஸ்டில் படித்தவர். அநாதைப் பள்ளியின் இரு பிள்ளைகள் கட்டிய வீடு அது.

ஆசிரியராக இருந்த குரோத்தரை 1841ஆம் ஆண்டின் நைஜர் ஆற்றுப் பயணம் வெளியுலகுக்குக் காட்டியது. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய மூன்று கப்பல்களிலே சென்ற வெள்ளையர் சுமார் 150 பேர். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய காலம். கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல்தான். மீண்டும் 1854இல் மருத்துவர் பெய்க்கியோடு பிளேயட் என்ற கப்பலில் குரோத்தர் அதே ஆற்றில் போனார். இம்முறை அனைவரும் நாள்தோறும் கொயினா உட்கொண்டனர். 118 நாட்கள் ஆற்றில் இருந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை! சிங்கோனா மரப்பட்டையின் இந்த வெற்றியைத் தாவரவியல் மாணவனாகிய நான் பெருமையோடுதான் படித்தேன். நம் நீலகிரியில் சிங்கோனா பயிரிட்டதும் அடுத்த பத்தாண்டில்தான். ஆனால் அதே கொயினா குரோத்தருக்கு வேறொரு விதத்தில் வினையானதைப் பின்னே சொல்கிறேன்.

முதல் பயணத்தில் அவர் காட்டிய திறத்தைக் கண்டு சங்கத்தார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்து, 1843இல் குருப்பட்டம் அளித்தனர். அவரைத் தம் சொந்த மக்களிடையே பணிபுரிய அனுப்பினர். 1846இல் அவர் அபியோகுட்டா நகரை அடைந்தார். பாறைக்கு அடியில் என்பது அப்பெயரின் பொருள். அடிமை வேட்டைக்குத் தப்பியவர்கள் பெரும் பாறையொன்றின் அடியிலே கூடி உண்டாக்கிய ஊர் அது.

அங்கே 1846 ஆகஸ்ட் 21ஆம் நாள் அவருடைய தாய் வந்து நின்றாள். இருபத்தைந்து ஆண்டுகள்! மகன் உயிரோடிருக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்தவள், எதிரே அங்கி அணிந்து நின்ற நடுவயது ஆளைக் கண்டு உடல் நடுங்கினாள். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு பேச்சின்றி ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றனர். பிறகு தாய், அவருடைய பாட்டி சிறுவயதில் அழைத்த செல்லப் பெயர்களைச் சொல்லி அழைத்தாள். அந்தப் பாட்டி அடிமையாகவே இறந்திருந்தாள். தங்கைகளையும் அவர் மீண்டும் கண்டார். பொங்கல் விடுமுறையில் இதை என் தாயாரிடம் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையனுக்குத் தாய் பேசிய பேச்சு மறக்காமல் இருந்ததா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மறக்கவில்லை என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

உண்மையில் அவர் வாழ்வின் தலையாய பணியே தாய் பேசிய பேச்சைப் பற்றியதுதான். 1843இலேயே யொரூபாச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். 1844 ஜனவரியில் பிரீடவுன் ஆலயத்தில் யொரூபா மொழியிலே வழிபாடு நடத்தினார். ஒரே சொல் குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும் மொழி அது. பெரியவர்களிடம் உட்கார்ந்து பழமொழிகளையும் பேச்சு வழக்குகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நடையிலே வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1862இல் அவர் வீடு தீப்பற்றி, பதினொரு ஆண்டுகளாகச் சேர்த்த சொற்களும் பழமொழிகளும் சாம்பலாயின. மீண்டும் தொடங்கினார். முழு வேதாகமமும் 1880களில் நிறைவுற்றது. ஆங்கிலம் கற்பித்தால் போதும் என்றிருந்த பள்ளியிலிருந்து வந்தவர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

1851இல் லண்டன் சென்று விக்டோரியா மகாராணியைக் கண்டார். கர்த்தரின் ஜெபத்தை யொரூபாவில் சொல்லிக் காட்டினார். லாகோசில் நடந்த அடிமை வாணிகத்தை ஒடுக்குமாறு அமைச்சர்களை வேண்டினார். அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் பீரங்கிகள் லாகோசைத் தாக்கின. 1861இல் லாகோசே பிரிட்டனுக்குச் சொந்தமாயிற்று. அடிமை வாணிகத்தை ஒழிக்க வந்தவர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். கதவைத் திறக்கச் சொன்னவர்களில் குரோத்தரும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. சங்கிலியை அனுபவித்தவர் அதை அறுக்க வந்த கையைச் சந்தேகிக்கவில்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஹெர்பர்ட் மெக்காலேதான் பின்னாளில் நைஜீரிய விடுதலை இயக்கத்தின் முன்னோடியானார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் என்பவர், ஆப்பிரிக்கத் திருச்சபையை ஆப்பிரிக்கரே நடத்தவேண்டும், தம் செலவைத் தாமே தாங்கவேண்டும் என்ற கொள்கை உடையவர். குரோத்தர் தயங்கியபோதும் வற்புறுத்தி இசையவைத்தார். 1864 ஜூன் 29ஆம் நாள் கேண்டர்பரி பேராலயத்தில் குரோத்தர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கடலிலே அவரை மீட்ட லீக், அப்போது கடற்படைத் தளபதியாக உயர்ந்தவர், அந்தக் கூட்டத்தில் இருந்தார். எழுத்தறிவித்த அம்மையாரும் இருந்தார். நம் நாட்டில் ஓர் இந்தியர் அப்பதவிக்கு வர 1912 வரை, வேதநாயகம் அசரியா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் பேராயரின் எல்லையைப் பாருங்கள்! அவர் சொந்த யொரூபா மக்கள் வாழ்ந்த அபியோகுட்டா அவருடைய மறைமாவட்டத்துக்குள் வரவில்லை. அங்கிருந்த வெள்ளை மிஷனரிகள் ஒரு கறுப்பருக்குக் கீழே பணிபுரிய ஒப்பவில்லை. ஆகவே காய்ச்சலுக்குப் பேர்போன நைஜர் ஆற்றுப் பகுதி அவருக்குக் கிடைத்தது. குறை சொல்லாமல் போனார். மீட்கப்பட்ட அடிமைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆசிரியர்களாகவும் போதகர்களாகவும் சேர்த்துக்கொண்டார். கப்பலில் ஏறி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பானி நாட்டுத் தலைவர்கள் தாமே பணம் கொடுத்துப் பள்ளி கேட்டனர். பாமாயிலை அளக்கவும் வணிகக் கணக்கு எழுதவும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் போதும், சமயப் பாடம் வேண்டாம் என்பது அவர்களுடைய விருப்பம். குரோத்தர் இரண்டையும் கற்பித்தார். வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தால் மற்றவை பின்னர் வரும் என்று எண்ணும் பொறுமைசாலி அவர்.

1873இல் ஹென்றி வென் இறந்தார். லண்டனில் காற்று மாறியது. ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டுக்கொண்ட ஆண்டுகள் அவை. கறுப்பரால் தலைமை தாங்க இயலாது என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியது. இங்கேதான் கொயினா வருகிறது. காய்ச்சலால் வெள்ளையர் செத்துக் கொண்டிருந்தவரை நைஜருக்கு ஆப்பிரிக்கத் தலைமை இன்றியமையாததாக இருந்தது. நோயிலிருந்து காக்கும் மருந்து கிடைத்த பின் நீராவிக் கப்பலில் வெள்ளையர் தாராளமாக வரலாயினர். பழைய நம்பிக்கையில் பாதி தேவையினால் வந்த நம்பிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது. தேவை தீர்ந்தது, நம்பிக்கையும் குறைந்தது.

குரோத்தரின் உதவியாளர் சிலர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. எல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். பரந்த ஆற்றுப்பகுதி, நெடுந்தொலைவு, பேராயரோ இளகிய மனத்தர். தவறியவர்கள் இருந்தனர். ஆனால் விசாரிக்க வந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள். 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய குழுவிலே, எண்பது வயதைத் தாண்டிய பேராயர் முன்னிலையில், அவருடைய போதகர்களை அவரைக் கேளாமலே பதவியிலிருந்து நீக்கினர். அவர்களில் அவருடைய மகன் ஆர்ச்டீக்கன் டேண்டிசனும் ஒருவர். பேராயருக்கு அதிகாரம் உண்டா, குழுச் செயலாளருக்கு உண்டா என்ற கேள்வியை முதியவர் எழுப்பினார். பயனில்லை என்று கண்டதும் குழுவிலிருந்து விலகினார்.

ஐந்து பவுண்டு கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களிலே தையல் வேலை செய்து மிச்சம் பிடித்த ஏழைப் பெண்கள்கூட இருந்திருக்கலாம். குழந்தை படிக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள். ஆனால் அந்தக் குழந்தை வளரும் என்பதற்கு அவர்களுடைய திட்டத்திலே இடமில்லை. பள்ளிப் பிள்ளையாக அஜாயியை எல்லோருக்கும் பிடித்தது. ஆசிரியராகப் பிடித்தது. மொழிபெயர்ப்பாளராகவும் பிடித்தது. தம் மேசையின் தலைமாட்டில் அவர் உட்கார்ந்தபோதுதான் பிடிக்காமல் போயிற்று.

குரோத்தர் வசை பேசவில்லை. வேறொன்று செய்தார். நைஜர் கழிமுகத்துச் சபைகள் சங்கத்தின் பணமின்றித் தம் சொந்தச் செலவில் போதகர்களையும் பள்ளிகளையும் நடத்தும் ஏற்பாட்டுக்குத் துணை நின்றார். பானியின் எண்ணெய் வணிகரும் லாகோசிலும் சியரா லியோனிலும் இருந்த ஆப்பிரிக்கரும் பணம் திரட்டினர். பக்கவாதத்தால் தளர்ந்த உடலோடு 1891 டிசம்பர் 31ஆம் நாள் அவர் லாகோசில் இறந்தார். 1892இல் அந்தத் தனிச்சபை அமைந்து, டேண்டிசன் தலைமையில் தன் பிள்ளைகளைத் தன் காசில் படிக்கவைத்தது.

குரோத்தரின் இடத்துக்குச் சங்கம் ஓர் ஆங்கிலேயரைத் தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்கருக்கு உதவிப் பேராயர் பதவிகளே கிடைத்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நைஜீரியாவில் எந்த ஆப்பிரிக்கரும் ஒரு மறைமாவட்டத்தின் முழுப் பொறுப்புள்ள ஆங்கிலிக்கன் பேராயராகவில்லை. 2014ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், அவர் பேராயரான 150ஆம் ஆண்டு நிறைவில், அதே கேண்டர்பரி பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. அந்நாளைய கேண்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, சபை அவருக்கு இழைத்த அநீதிக்காக வருந்தி மன்னிப்புக் கேட்டார். அஜாயி இறந்து அப்போது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன.